அமெரிக்காவில் போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்தினால்: சோதனை, சம்மதம், உரிமை குறித்த முழுமையான வழிகாட்டி

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல ஆரம்பித்தால் எவருக்கும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தில் வாயிலிருந்து வரும் ஒரு "ஓகே" பல வழக்குகளின் தலையெழுத்தை எழுதிவிடுகிறது. அமெரிக்கச் சாலையில் வண்டி ஓட்டும் தமிழர்களுக்காக எழுதப்பட்டது இது. வேலை விசா, மாணவர் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை என்று எதில் இருந்தாலும் வண்டிச் சோதனைக்கான அடிப்படை விதிகள் ஒன்றுதான். மாநிலத்துக்கு மாநிலம் சிலது மாறும். முக்கியமான இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம். உங்கள்மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதை மூடிவைத்துவிட்டு அந்த மாநில வக்கீலைப் பாருங்கள்.

மூன்று படிகளும் ஒரு குறுக்குவழியும்

அரசமைப்பின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடுக்கிறது. வீட்டைச் சோதிக்க வேண்டுமானால் பொதுவாக நீதிபதியிடம் வாரன்ட் வாங்க வேண்டும். காருக்கு அப்படியில்லை. மதுவிலக்குக் காலத்தில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கம் ஓர் ஓல்ட்ஸ்மொபில் காரை மடக்கிய அதிகாரிகள், சீட் மெத்தையைக் கிழித்து உள்ளே அடுக்கியிருந்த 68 பாட்டில் விஸ்கியையும் ஜின்னையும் எடுத்தார்கள். அந்தக் கரோல் வழக்கில் 1925-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எளிமையான விஷயம்: வீடு நின்ற இடத்தில் நிற்கும், கார், வாரன்ட்டோடு திரும்பி வருவதற்குள் ஓடிவிடும். ஆகவே காருக்கு வாரன்ட் தேவையில்லை, ஆனால் 'புராபபிள் காஸ்' கட்டாயம் வேண்டும்.

புராபபிள் காஸ் என்றால், இந்த வண்டிக்குள் குற்றத்தோடு தொடர்புடைய பொருள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று நிதானமான ஒருவர் நம்பும் அளவுக்கான உண்மைகள். இத்தனை சதவீதம் என்று நீதிமன்றங்கள் இதுவரை எண் வைக்கவில்லை. இதற்கு ஒரு படி கீழே 'ரீசனபிள் சஸ்பிஷன்': விரலால் சுட்டிக் காட்டக்கூடிய காரணத்தோடு வரும் சந்தேகம். நிறுத்தவும் கொஞ்ச நேரம் விசாரிக்கவும் இது போதும்; டிக்கியைத் திறக்கப் போதாது. அதற்கும் கீழே வெறும் உள்ளுணர்வு. சட்டத்தில் அதற்கு மதிப்பே கிடையாது.

இந்தப் படிகள் எதையுமே ஏறாமல் உள்ளே வர ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதுதான் உங்கள் சம்மதம். சாலையோரத்தில் நீங்கள் காக்க வேண்டியது ஏறக்குறைய அதை மட்டும்தான்.

நிறுத்துவதற்கு எவ்வளவு காரணம் வேண்டும்?

மிகக் குறைவு. லேன் மாறும்போது இன்டிகேட்டர் போடவில்லை, வேகம் ஐந்து மைல் கூடிவிட்டது, நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. இதில் ஒன்றிருந்தால் போதும். அதிகாரியின் மனதில் வேறு நோக்கம் இருந்தாலும் விதிமீறல் உண்மையென்றால் நிறுத்தியது செல்லும் என்று 1996-இல் வ்ரென் வழக்கில் தீர்ப்பானது. 2014-இல் ஹைன் வழக்கு இன்னும் ஒரு படி போனது. நார்த் கரோலினாவில் ஒரு பிரேக் லைட் எரியாததற்காகக் காரை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒன்று எரிந்தாலே போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டத்தை அதிகாரி தவறாகப் புரிந்துகொண்டது நியாயமான பிழைதான், நிறுத்தியது செல்லும் என்றது நீதிமன்றம். அந்த வண்டிக்குள் போதைப்பொருள் எப்படிக் கிடைத்தது தெரியுமா? பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எந்தக் காரணமும் இல்லாமல் லைசென்ஸ் பார்ப்பதற்காக மட்டும் ஒரு வண்டியைத் தனியாக மடக்கக் கூடாது என்பது 1979-இலேயே முடிவான விஷயம். அதனால் பயணத்துக்கு முன் ஐந்து நிமிஷம் செலவழித்து எல்லா விளக்கும் எரிகிறதா, ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் காலாவதி ஆகவில்லையா என்று பார்ப்பதுதான் மலிவான பாதுகாப்பு.

விளக்குச் சுழன்றதும்

இன்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். பாலத்தின் மேலோ வளைவிலோ ஓரம் இல்லாவிட்டால் ஹசார்ட் விளக்கைப் போட்டு மெதுவாக அடுத்த வெளியேறும் வழிவரை போகலாம். பின்னால் வருவது அடையாளமில்லாத வண்டி என்றால் 911-ஐ அழைத்து, "இது போலீஸ்தானா?" என்று உறுதிசெய்துகொள்ளலாம். இரண்டிலும் வேகத்தைக் கூட்டாதீர்கள், தப்பி ஓடுவதாகப் பதிவாகிவிடும்.

நிறுத்தியதும் எஞ்சினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, இரு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வையுங்கள்.

இறங்காதீர்கள். மரியாதை என்று நினைத்து பேப்பரை எடுத்துக்கொண்டு அதிகாரியை நோக்கி நடப்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள். அதே காரணத்துக்காகத்தான், அவர் வருவதற்குள் தயாராக இருப்போம் என்று குனிந்து க்ளவ் பாக்ஸைத் துழாவுவதும் வேண்டாம். பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உங்கள் தோள் சரிவது மட்டும். "எதையோ சீட்டுக்கு அடியில் தள்ளினார்" என்று அறிக்கையில் எழுதினால், அது சந்தேகத்துக்கான ஒரு காரணமாக ஏறிவிடும்.

ரெஜிஸ்ட்ரேஷனையும் இன்ஷூரன்ஸ் அட்டையையும் ஒரு உறையில் போட்டு சன் வைசரில் செருகிவையுங்கள். க்ளவ் பாக்ஸைத் திறந்தால் அதில் உள்ளது எல்லாம் அதிகாரியின் கண்ணில் படும். இன்ஷூரன்ஸை ஃபோனில் காட்டலாம் என்று பல மாநிலங்கள் அனுமதித்தாலும் ஒரு பிரிண்ட் எடுத்து வைப்பதே மேல். திறந்த ஃபோன் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

ஜன்னலோரப் பேச்சு

கேட்டால் லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கொடுத்தாக வேண்டும். "இட் இஸ் இன் த வைசர், மே ஐ கெட் இட்?" என்று சொல்லிவிட்டுக் கையை எடுங்கள்.

அடுத்து வருவது, "எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா?" கலிஃபோர்னியாவில் 2024 முதல், ஆபத்தான சூழல் நீங்கலாக, விசாரிப்பதற்கு முன் காரணத்தை அதிகாரியே சொல்ல வேண்டும். மற்ற பல இடங்களில் கேள்வி இப்படித்தான் தொடங்கும். "சாரி ஆபிசர், எண்பதுல வந்துட்டேன்" என்றால் அது வாக்குமூலம், கேமராவில் பதிவாகிவிட்டது. "நோ, ஆபிசர்" போதும்.

எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வண்டியில் என்ன இருக்கிறது போன்றவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "ஐ வுட் ராதர் நாட் ஆன்சர் கொஸ்டின்ஸ்" என்று வாயால் சொல்லுங்கள். வாய்மூடி உட்கார்ந்தால் மட்டும் மௌன உரிமையைப் பயன்படுத்தியதாக ஆகாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. மௌனம் வேறு, பொய் வேறு. பொய்ப் பெயர், பொய்ப் பிறந்த தேதி சொல்வது தனிக் குற்றம். விசாவில் இருப்பவர் வாய் தவறிக்கூட "அமெரிக்கக் குடிமகன்" என்று சொல்லிவிடக் கூடாது; பிற்காலக் குடியேற்ற விண்ணப்பங்களையே அது கவிழ்த்துவிடும்.

"உரிமைகளை வாசிக்கவில்லை, அதனால் வழக்கு நிற்காது" என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். சாதாரண நிறுத்தத்தில் மிராண்டா எச்சரிக்கை (மௌனமாக இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று உரிமைகளை வாசிப்பது) தேவையில்லை என்று 1984-இலேயே தீர்ப்பு உண்டு. காவலில் எடுத்தபின் விசாரித்தால்தான் அது வேண்டும்.

இறங்கச் சொன்னால் இறங்குங்கள். ஓட்டுநரை 1977 முதலும், கூட வருபவர்களை 1997 முதலும் காரணம் சொல்லாமலே இறக்கலாம். இறங்கிக் கதவைச் சாத்திவிடுங்கள். ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணமிருந்தால் உடையின் மேலே தட்டிப் பார்ப்பார்கள். தட்டிப் பார்ப்பது என்றால் அவ்வளவுதான். பாக்கெட்டுக்குள் கைவிட அது அனுமதியல்ல.

"டு யூ மைண்ட்?"

சோதனைக்கான கேள்வி சோதனை மாதிரி வராது. டிக்கெட்டை, அதாவது அபராதச் சீட்டைக் கொடுத்து, "டிரைவ் சேஃப்" என்று சொல்லி, இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து கேட்பார்: "நத்திங் இல்லீகல் இன் தேர், ரைட்? டு யூ மைண்ட் இஃப் ஐ டேக் எ குயிக் லுக்?"

தமிழர்கள் இங்கே மூன்று விதத்தில் வழுக்குகிறோம். முதலாவது ஆங்கில இலக்கணம். 'மைண்ட்' கேள்விக்கு "நோ" என்றால் "ஆட்சேபணை இல்லை, பாருங்கள்" என்று அர்த்தம். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே "நோ, நோ" என்றால் நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். இரண்டாவது நம் தலை. "கேட்டுக்கிட்டேன்" என்று பக்கவாட்டில் ஆட்டுவது பாடி கேமராவில் சம்மதம் மாதிரியே தெரியும். மூன்றாவது, 'ம்' கொட்டுவதற்குப் பதிலாக நாம் சொல்லும் "ஓகே ஓகே", "யெஸ் ஆபிசர்". நீதிபதி பார்க்கப்போவது காணொளியை. உங்கள் மனசு அதில் பதிவாகியிருக்காது.

ஆகவே ஒற்றைச் சொல்லில் பதில் கூடாது. தலையை அசைக்காமல், முழு வாக்கியமாக: "ஆபிசர், ஐ டு நாட் கன்சென்ட் டு எனி சர்ச்." காரணம் சொல்ல வேண்டாம். "ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் பயம்?", "நாயைக் கூப்பிடுவேன்", "வாரன்ட் வாங்குவேன்" என்றெல்லாம் வரலாம். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மறுத்தது ஒன்றை மட்டும் வைத்துப் புராபபிள் காஸ் உருவாகாது.

மறுத்தும் சோதிக்கத் தொடங்கினால் குறுக்கே நிற்காதீர்கள், கதவைப் பிடிக்காதீர்கள், சாவியை ஒளிக்காதீர்கள். ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். இதனால் என்ன பயன்? சம்மதம் இல்லாத சோதனைக்கு, புராபபிள் காஸ் இருந்ததா என்று அரசு நிரூபிக்க வேண்டியிருக்கும். சம்மதித்திருந்தால் வக்கீல் கையில் மிஞ்சுவது "விருப்பத்தோடுதான் சொன்னாரா" என்ற ஒற்றைக் கேள்வி. அதை வெல்வது அரிது. மறுக்கும் உரிமை உண்டு என்று அதிகாரி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை (உச்ச நீதிமன்றம், 1973). நீங்கள் போகலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை (1996). விதிவிலக்காக, நியூ ஜெர்சியில் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்கவே கூடாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லியிருக்கிறது.

ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் மறுக்க வேண்டும்? பழைய கார் வாங்கியிருப்பீர்கள், கார்பூலில் நாலு பேரை ஏற்றியிருப்பீர்கள். சீட்டின் இடுக்கில் யார் எதை விட்டுப்போனார்கள் என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா? இன்னொன்று, 'வண்டியைப் பார்க்கலாம்' என்ற பொதுச் சம்மதம் உள்ளே இருக்கும் மூடிய பைகளுக்கும் சேர்த்துத்தான் (1991). தவறிச் சம்மதித்துவிட்டாலும் எல்லை வைக்கலாம், எதுவும் கிடைப்பதற்கு முன் திரும்பப் பெறலாம்: "ஐ வித்ட்ரா மை கன்சென்ட்."

நாய், நேரம்

நிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே வண்டியைச் சுற்றி மோப்ப நாய் நடந்தால் அது சோதனையே அல்ல (2005). பயிற்சி பெற்ற நாய் சைகை காட்டினால் புராபபிள் காஸ் கிடைத்துவிடும். நாய்க்காகக் காத்திருக்க வைப்பதுதான் பிரச்சினை. நெப்ராஸ்காவில் 2012-இல் நள்ளிரவு தாண்டி ஒரு கார் ஓரிரு வினாடி சாலையோரத்தில் இறங்கி ஏறியது. அதிகாரி எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து முடித்தபின், இன்னொரு அதிகாரி வரும்வரை நிறுத்திவைத்தார். ஏழெட்டு நிமிஷம் கழித்து நாய் சைகை காட்டியது. ராட்ரிகஸ் வழக்கு என்று பேரெடுத்த இதில் 2015-இல் தீர்ப்பு: டிக்கெட் வேலை முடிந்ததும் பிடித்துவைக்கும் அதிகாரமும் முடிந்தது, அதற்குமேல் வைக்கத் தனியாக ரீசனபிள் சஸ்பிஷன் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதிகாரி அன்றிருந்த விதியை நம்பி நடந்தார் என்று கீழமை நீதிமன்றம் அந்தச் சோதனையில் கிடைத்த சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. வழக்கில் வென்றவருக்குப் பலனில்லை; நமக்கு உண்டு.

அதனால் பேப்பர்கள் கைக்கு வந்ததும் கேளுங்கள்: "ஆபிசர், ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" ஆம் என்றால் கிளம்புங்கள். இல்லை என்றால், நீங்கள் நின்றது விருப்பத்தால் அல்ல என்பது பதிவாகிவிட்டது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் இல்லாமலே நடக்கும் சோதனைகள்

கண்ணுக்கு நேரே தெரிவது: ஜன்னலுக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது சோதனையல்ல. சட்டவிரோதப் பொருள் என்பது பார்த்ததுமே புலப்பட்டால் எடுக்கலாம். விபூதியையும் அரிசி மாவையும் ஜிப்லாக் பையில் கட்டி கப் ஹோல்டரில் வைப்பவர்கள் இதை இரண்டுமுறை படிக்கவும். சாலையோர ரசாயனக் கிட்டுகள் சாதாரணப் பொருளுக்கும் நிறம் மாறக்கூடியவை. கடைப் பாக்கெட்டோடு, டிக்கியில். மாத்திரைகள் மருந்துக் கடைப் புட்டியிலேயே.

கஞ்சா வாசனை மாநிலத்துக்கு ஒரு கதை. பென்சில்வேனியாவிலும் (2021) மினசோட்டாவிலும் (2023) வாசனை மட்டும் போதாது. இல்லினாயில் 2024-இல் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள்: புகைத்த கஞ்சா வாசனை மட்டும் போதாது, புகைக்காத பச்சைக் கஞ்சா வாசனை போதும். தலைகீழாகத் தோன்றுகிறதா? வண்டியில் கஞ்சாவை வாசனை வெளியேறாத பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே விதி. வாசனை வந்தாலே அந்த விதி மீறப்பட்டதாகிறது.

கைதுக்குப் பிறகு: கைவிலங்கு போட்டு ரோந்து வண்டியில் உட்கார வைத்தபின், லைசென்ஸ் ரத்தானது போன்ற குற்றத்துக்காக உங்கள் காரைக் குடைய முடியாது (கான்ட் வழக்கு, 2009). ஆனால் வண்டியை இழுத்துப்போனால், பொருட்பட்டியல் எடுக்கிறோம் என்ற பேரில் எல்லாம் திறக்கப்படும். லைசென்ஸ் உள்ள இன்னொருவர் பக்கத்தில் இருந்தால், "கேன் மை ஃப்ரெண்ட் டேக் த கார்?" என்று கேட்டுப்பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை.

ஃபோன் இவை எல்லாவற்றிலிருந்தும் தனி. கைது செய்தாலும் ஃபோனுக்குள் பார்க்க வாரன்ட் வேண்டும் (ரைலி, 2014). கைரேகை, முகம் காட்டித் திறக்க வைப்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபோல் தீர்ப்பளிக்கவில்லை. கடவுஎண் மட்டும் வையுங்கள். பொது இடத்தில் போலீஸைப் படமெடுக்கும் உரிமையைப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. ஃபோனைத் தாங்கியில் வைத்துப் பதிவைத் தொடங்குங்கள், அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

குடி சம்பந்தப்பட்டால்

இரண்டு விதச் சோதனைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோட்டில் ஒன்பது காலடி நடந்து திரும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சாலையோரப் பரீட்சைகளை மறுத்தால் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் போகாது. கைதுக்குப் பின் எடுக்கும் அதிகாரப்பூர்வ மூச்சுச் சோதனையை மறுத்தால் லைசென்ஸ் முடக்கப்படும். ஓட்ட ஆரம்பித்ததே அதற்குச் சம்மதம் என்பது சட்டம். ரத்தம் எடுக்க, நீங்கள் மறுத்தால் பொதுவாக வாரன்ட் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05.

குடிச் சோதனைச் சாவடிகள் செல்லும் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் மிச்சிகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூன்றே வருஷத்தில் மிச்சிகனின் சொந்த உச்ச நீதிமன்றம் மாநில அரசமைப்பின்படி அவற்றைத் தடைசெய்துவிட்டது.

பின்சீட்டில் அம்மா அப்பா

ஊரிலிருந்து வந்திருப்பவர்கள்தான் பதற்றத்தில் கதவைத் திறப்பார்கள், பாஸ்போர்ட் காட்டக் கைப்பையைத் துழாவுவார்கள். முதலில் அதிகாரியிடம் சொல்லுங்கள்: "மை பேரன்ட்ஸ் டோன்ட் ஸ்பீக் இங்கிலிஷ். ஐ வில் டெல் தெம் இன் தமிழ் டு ஸ்டே சீட்டட்." பிறகு, "அப்பா, இறங்காதீங்க. கையை மடியில வச்சுக்கோங்க. அம்மா, பையைத் தொடாதீங்க, நான் பேசிக்கிறேன்." தெரியாத மொழியில் திடீரென்று குரல் உயர்ந்தால் அதிகாரிக்கும் பதற்றம் ஏறும், அதனால்தான் இந்த வரிசை.

கூட வருபவரும் 'நிறுத்தப்பட்டவர்'தான். நிறுத்தியது தவறென்றால் அவரும் வழக்கில் கேட்கலாம் (2007). ஆனால் புராபபிள் காஸ் இருந்தால் அவர் கைப்பையும் சோதனைக்கு உட்படும் (1999). 18 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டு, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) போன்ற பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பலருக்கு இது தெரியாது.

வீட்டுக்கு வந்தபின்

டிக்கெட்டில் கையெழுத்திட்டிருப்பீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல, ஆஜராவேன் என்ற உறுதி. சில மாநிலங்களில் மறுத்தால் கைதுதான். அன்றிரவே எழுதிவையுங்கள்: நிறுத்திய நேரம், இடம், வண்டி எண், பேட்ஜ் எண், சம்மதம் பற்றி யார் எந்தச் சொல்லில் என்ன சொன்னார்கள். டாஷ்கேம் பதிவைத் தனியே நகலெடுங்கள். புதியது பழையதை அழித்துவிடும். பாடி கேமராப் பதிவையும் பல துறைகள் குறிப்பிட்ட காலத்தில் அழிப்பதால், அதைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை ஒதுக்கக் கோரும் மனுவை விசாரணைக்கு முன்பே போட வேண்டும்.

ரொக்கமோ நகையோ பிடிக்கப்பட்டால் பொருள்வாரியாக எழுதிய ரசீது கேளுங்கள். "இது என்னுடையதல்ல" என்ற தாளில் சாலையோரத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள்மேல் வழக்கே இல்லாவிட்டாலும் பணத்தின்மேல் தனி வழக்கு நடக்கும். மத்திய அரசின் பறிமுதல் அறிவிப்பு தபாலில் வந்தால், உரிமைகோரக் கெடு அதிலேயே அச்சிட்டிருக்கும். கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து குறைந்தது 35 நாள் தருவார்கள். உறை உங்கள் கைக்கு வரும்போது அதில் சில நாள் கழிந்திருக்கும்.